மான் படம் போட்ட சிவப்புப் பனியன்

வெள்ளகோவிலிலிருந்து வீடு பார்க்க வந்தவர்களின் கார் எங்கள் கட்டடத்து வாசலில் நின்றதும், மேலேயிருந்து ஒரு சிவப்புப் பனியன் பறந்து வந்து அதன் முன்கண்ணாடியில் அப்பிக்கொண்டது. பனியனில் கொம்பு வைத்த மான் ஒன்று பல்லைக் காட்டிச் சிரித்தது. மானைச் சுற்றிலும் பனி கொட்டியது. இது நடந்தது ஆனி மாதக் கடைசியில், துடியலூருக்கு மேற்கே, கண் கூசுகிற வெயிலில்.

காரிலிருந்து இறங்கிய அம்மாள் பனியனை எடுத்து உதறினார். அவருடைய வீட்டுக்காரரையும் டிரைவரையும் சேர்த்தே அதற்குள் நுழைத்துவிடலாம், அத்தனை பெரிசு. பிறகு தலையைத் தூக்கிக் கட்டடத்தைப் பார்த்தார். நாலு மாடி, மாடிக்கு மூன்று வீடு. பதினோரு பால்கனியிலும் அதே சிவப்பு, அதே மான். பாலக்காட்டுப் பக்கமிருந்து அடிக்கிற காற்றில் மான்களெல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன.

"ஏனுங்க, இங்க குடியிருக்கறவங்க அத்தன பேரும் ஒரே துணிதான் உடுத்துவாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது.

போன வாரம், கல்யாணமான புதிதில் நான் தளத்துக்குக் குடம் குடமாகத் தண்ணீர் விட்ட கதையை இந்தப் பத்தியில் படித்துவிட்டு, "அப்புறம் அந்தம்மா பங்களாவில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாரா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். உட்காரத்தான் செய்தேன், ஐயா. அதிலிருந்து எழுந்து வந்த கதையைத்தான் இப்போது சொல்கிறேன்.

வருஷம் பூராவும் ஆடி

எங்கள் வீட்டுக்காரர் துரைசாமி டிப்ளமோ படித்தவர். பம்பு கம்பெனிகளுக்கு ஷெட்டும் குடோனும் கட்டியே பேர் எடுத்தவர். துரைசாமி போட்ட தளம் ஒழுகாது என்று கோயமுத்தூரில் சொல்வார்கள். சொல்லாதவர்கள் யாராவது இருந்தால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

ஷெட்டு கட்டினது போதும், மனுஷர் குடியிருக்க ஒரு கட்டடம் கட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. கடக்கால் தோண்டியபோது மார்க்கெட் கொதித்துக்கொண்டிருந்தது. சரவணம்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகி, அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதே ஃப்ளாட்டுக்கும் முன்பணம் கொடுத்தார்கள். நாங்கள் பூச்சு வேலையை முடித்து, சுவர் காய்வதற்குள் எல்லாம் படுத்துவிட்டது. பவுண்டரியில் ஒரு ஷிப்டுதான் ஓடியது. கம்ப்யூட்டர் பிள்ளைகள் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார்கள். வாசலுக்கு வாசல் 'வாடகைக்கு' அட்டை தொங்கி, வெயிலில் எழுத்து வெளுத்தது.

எங்கள் ஊரில் ஆடி வந்தால் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். அதாவது புது வீட்டில் அடுப்பு மூட்டி, பாலைப் பொங்க வைத்துக் குடி போக மாட்டார்கள். வாடகை வீட்டுக்குக்கூட ஆவணி பிறந்த பிறகுதான் சாமான் ஏற்றுவார்கள். ஜவுளிக் கடைக்காரர்களைத் தவிர மற்றவர்கள் எல்லாருக்கும் அது சும்மா கிடக்கிற மாதம். எங்கள் தெரு வீட்டுப் புரோக்கர் ஒரு நாள் டீயை ஆற்றிக்கொண்டே, "இந்த வருசம் பூராவுமே ஆடிங்கம்மா" என்றார். பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் விட அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

ஃப்ளாட் வாங்கினால் தங்கக் காசு என்றார் ஒரு பில்டர். சமையலறை அலமாரி இலவசம் என்றார் இன்னொருவர். பத்திரச் செலவும் எங்களுடையதே என்றார் மூன்றாமவர். ஒன்றும் நடக்கவில்லை. விலை ஏறுகிறபோது முண்டியடித்து வாங்குகிற ஜனம், இறங்குகிறபோது இன்னும் இறங்கட்டும் என்று உட்கார்ந்துவிடுகிறது. எங்களுக்கு வந்த போன்களில் பாதி, "இன்னுங் கொறையுமுங்களா?" என்பதுதான். ஒரு தடவை நான் வாயை அடக்க முடியாமல், "சும்மாவே தாரோம், வந்து எடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

என் சின்ன வயதில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில் மூடினபோது அதன் தொழிலாளர் லைன் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு வீடு பூட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி, பேச்சுத் துணை இல்லை என்று அண்ணன் ஊருக்குப் போனாள். அதற்கடுத்தவள் தண்ணீர்க் குழாயடியில் தனியாக நிற்கப் பயமாயிருக்கிறது என்று போனாள். வேலை கிடைத்த ஆட்கள்கூட அங்கே தங்கவில்லை. காலி வீடு அப்படித்தான் பரவும் என்று அப்போதே பார்த்துவைத்திருக்கிறேன்.

டீச்சர் போட்ட சத்தம்

எங்கள் பன்னிரண்டு வீட்டில் மூன்றுதான் புக்கிங் ஆகியிருந்தது. குடி வந்தது ஒரே வீடு. ஸ்டெல்லா டீச்சரும் அவர் கணவர் பிரான்சிஸ் சாரும். இரண்டு பேரும் மேட்டுப்பாளையத்தில் பள்ளிக்கூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பக்கத்தில் சர்ச்சும் ஆஸ்பத்திரியும் இருக்கிறது, மாடி ஏற லிஃப்ட் இருக்கிறது என்று சேர்த்துவைத்த காசையெல்லாம் போட்டு இரண்டாவது மாடியில் வாங்கினார்கள்.

சாருக்குக் காது மந்தம். டீச்சர் நல்ல பேச்சுக்காரர். அதுதான் வினையாகிவிட்டது.

"இவர்கிட்ட ஒரு வார்த்த பேசோணும்னா கத்தோணும் சாந்தாமணி. கத்துனா, அந்தச் சத்தம் காலி ஊட்டுக்குள்ள எல்லாம் போய்ச் சுத்திப்போட்டுத் திரும்பி வருது. 'மாத்திரை போட்டீங்களா'ன்னா, மேல் மாடில யாரோ 'போட்டீங்களா'ங்கறாங்க. எனக்குப் பயமா இருக்குது" என்றார்.

நான் ஆறுதல் சொன்னேன். ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று அளந்தும் விட்டேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பையன் பெங்களூருக்கு வரச் சொல்றான். ஆகஸ்ட் பதினஞ்சு லீவுக்குக் காரெடுத்துட்டு வாரான். நாங்க போயிர்றோம். இந்த ஊட்ட யாருக்காச்சும் வித்துக் குடுத்துரு கண்ணு. உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல."

வருத்தமில்லை என்று சொன்னதுதான் எனக்கு அழுகையாக வந்தது. குடி வந்த முதல் ஆளே விற்றுவிட்டுப் போனால், புக்கிங் செய்த மற்ற இரண்டு பேரும் மறுநாளே முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். அப்புறம் அந்தப் பக்கம் எந்த நாயும் எட்டிப் பார்க்காது. துரைசாமி கட்டின கட்டடத்தில் மனுஷர் இருக்க முடியவில்லை என்று பேராகிவிடும். அவர் அதைத் தாங்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

கொழுந்தனாரின் மூளை

என் கொழுந்தனார் முத்துக்குமார் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். அங்கேயும் அதே கதைதான். வெளிநாட்டுக்காரன் கிறிஸ்துமஸுக்கென்று மான் படம் போட்ட பனியனை ஆர்டர் கொடுத்து, தைத்து முடித்த பிறகு வேண்டாம் என்றுவிட்டான். கொழுந்தனாரின் குடோனில் நிற்க இடமில்லாமல் மான்கள் நெரிந்து கிடந்தன.

அவர்தான் யோசனை சொன்னார். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்று கூப்பிடுவோம்.

"நங்கை, ஊடு காலியா இருக்குதுன்னு தெரிஞ்சா எவன் வருவான்? பால்கனில நாலு துணி காயோணும். ஆள் இருக்கற மாதிரித் தெரியோணும்."

"ஏமாத்து வேலையெல்லாம் எங்களுக்கு ஆகாது, சும்மா இருங்க" என்றேன். சும்மா இருக்கிற ஆளா அவர்? வெள்ளகோவில் பார்ட்டி வருகிற அன்று காலையில், நான் போய்ச் சேர்வதற்குள், ஆள் வைத்துப் பதினோரு பால்கனியிலும் கட்டிவிட்டிருந்தார். திருப்பூர்க்காரர், துணிக்குக் கவலையில்லை. ஆனால் வாழ்க்கையில் ஒரு துணியும் காயப் போட்டதில்லை. அந்தக் காற்றுக்குக் கிளிப் போட வேண்டும் என்று ஆம்பிளைக்கு எங்கே தெரியும்?

"நங்கை, சைஸு மாத்திப் போட்டிருக்கோணுமோ?" என்று, அந்த அம்மாள் மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது, என் காதில் கேட்டார். நான் பார்த்த பார்வையில் தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

அந்த அம்மாள் கேட்டது

வெள்ளகோவில் அம்மாளின் பெயர் மகேஸ்வரி. மகளை இங்கே காலேஜில் சேர்த்திருந்தார்கள், கூட இருக்க ஒரு வீடு தேடினார்கள். பனியன் விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை. "எல்லாம் காலிதானுங்க. எங்க கொழுந்தன் பண்ணுன கூத்து" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனுஷி. வீட்டையும் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டினார், குழாயைத் திறந்தார், ஜன்னலில் தெரிந்த மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. படியிறங்கும்போது சாதாரணமாகக் கேட்டார்.

"நீங்க எங்கீங்க குடியிருக்கறீங்க?"

"கணபதியிலீங்க. தனி ஊடு. இவரே கட்டுனது."

"ஓ" என்றார். காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி, அந்தப் பனியனை என் கையில் கொடுத்தார். "தப்பா நெனைக்காதீங்க. நீங்களே இல்லாத எடத்துல எங்களை வந்து இருங்கன்னு சொன்னா எப்படீங்க?"

கார் போய்விட்டது. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! யாருக்கு யார் புத்தி சொல்வது? எங்கள் வீடு எங்கள் இஷ்டம். தோட்டம், கார் நிறுத்த போர்டிகோ, நான் நின்று பார்த்துப் போட வைத்த சிவப்புத் தரை. அதை விட்டுவிட்டு நான் ஏன் ஃப்ளாட்டில் இருக்க வேண்டும்? வீடு வருகிற வரைக்கும் காருக்குள் அந்த அம்மாளைத் திட்டிக்கொண்டே வந்தேன். எங்கள் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்து வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

போர்டிகோவில் இறங்கியபோது திட்டுவதற்கு ஒன்றும் மீதமில்லை. அந்த அம்மாள் கேட்டதில் தப்பே இல்லை.

"ஏனுங்க, நாம அங்க போயிரலாம்" என்றேன்.

"எங்கம்மணி?"

"நம்ம கட்டடத்துக்கு. டீச்சருக்கு எதிர் ஊட்டுக்கு."

அவர் போர்டிகோத் தளத்தை அண்ணாந்து பார்த்தார். அந்தத் தளத்துக்குக் கம்பி கட்டியது அவரேதான். "ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றார்.

"தொரசாமி நொடிச்சுப் போயிட்டான், சொந்த ஊட்ட உட்டுப்போட்டு ஃப்ளாட்டுக்குப் போயிட்டான்னு பேசுவாங்க. பேசட்டுங்க. நீங்க கட்டுன ஊடு. அதுல இருக்கறதுக்கு நமக்கென்ன வெக்கம்?"

அவர் கார்ச் சாவியை விரலில் சுற்றினார். அப்புறம், "ஆடி பொறக்குதே அம்மணி" என்றார்.

அடுப்பில்லாத வீடு

ஆகஸ்ட் பதினைந்து ஆடிக்குள்ளேயே வந்துவிடும். ஆவணிக்குக் காத்திருந்தால் டீச்சர் போயிருப்பார். சென்னிமலையிலிருந்து என் அண்ணன் போனில் குதித்தார். "ஊட்ட உட்டுப் போறதே கேவலம், அதுலயும் ஆடியிலயா? உனக்கென்ன கண்ணு கிறுக்கா புடிச்சுப்போச்சு?" கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். சாமான் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆவணி பிறக்கிற வரைக்கும் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது, பால் காய்ச்சக் கூடாது. அதுவரை ஓட்டல் சாப்பாடு. எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்ததால் ஒத்துக்கொண்டேன்.

டெம்போவிலிருந்து பீரோவை ஏற்றிக்கொண்டிருந்தபோது டீச்சர் கதவைத் திறந்தார்.

"யாரு சாந்தாமணி வாரது?"

"நான்தானுங்க டீச்சர். உங்க எதிர் ஊட்டுக்கு வந்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார். என் தையல் மிஷினும் சாமி படங்களும் வருவதைப் பார்த்தார். சட்டென்று உள்ளே போய்விட்டார். எனக்கு முகம் விழுந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "எங்க அடுப்பு? இன்னும் பால் காய்ச்சலையா?"

"ஆடிங்க டீச்சர். ஆவணியிலதான். அதுவரைக்கும் அடுப்பு மூட்டக் கூடாதுங்க."

"உனக்குத்தான ஆடி. எனக்கேது?" என்றார். "என்ற ஊட்டு அடுப்புல நான் பாலக் காய்ச்சுனா எந்தச் சாமி கேக்குது?"

போனார். காய்ச்சினார். ஒரு சொட்டுப் பாலைச் சிந்த விடாத டீச்சர் அன்றைக்குப் பொங்கி அடுப்பு நனைகிற அளவுக்கு வழிய விட்டார். பாத்திரம் கொதித்தது. பிடிக்க எடுத்தது என்ன தெரியுமா? அவர் பால்கனிக்குப் பறந்து வந்து விழுந்திருந்த ஒரு சிவப்புப் பனியன். மான் தலை தொங்க, ஆவி பறக்க, எங்கள் வாசற்படியைத் தாண்டி வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். "பிரெய்ஸ் த லார்ட்" என்று பாத்திரத்தைச் சாமி படங்களுக்கு முன்னால் வைத்தார்.

பின்னாலேயே வந்த பிரான்சிஸ் சார், "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.

நாங்கள் நாலு பேரும் வெறும் தரையில் உட்கார்ந்து அந்தப் பாலைக் குடித்தோம். எங்கள் வீட்டுக்காரர் தம்ளரை வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

இரண்டாவது மாடியில் கேட்டது

ஆனாலும் டீச்சர் போகிறாரா இருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். லீவு நாள் வந்தது. பெங்களூர் கார் கீழே நின்றது. பையன் மேலே போனான், கதவு சாத்திக்கொண்டது. நான் என் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே மெல்லப் பேசுகிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை. ஈரக்கையைத் துடைக்கக்கூட மறந்து நின்றேன்.

அப்போது டீச்சர் சாரிடம் போட்டார் ஒரு சத்தம்.

"பையன் கூப்புடறானுங்க! நான் வரலைன்னுட்டேன்! எதிர் ஊட்ல ஆள் இருக்குதுங்க!"

அந்தச் சத்தம் காலி வீடுகளுக்குள் எல்லாம் புகுந்து, நாலு மாடியும் ஏறி இறங்கி, "ஆள் இருக்குதுங்க, இருக்குதுங்க" என்று திரும்பி வந்தது. நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எத்தனையோ கட்டடத்தில் சுவாமி கும்பிட்டு முதல் கல் வைத்திருக்கிறோம். இதற்கு இணையாக ஒரு சத்தம் நான் கேட்டதில்லை.

ஆவணியில் வெள்ளகோவில் மகேஸ்வரி மறுபடி வந்தார். இந்தத் தடவை டீச்சர் பால்கனி போக இன்னும் ஒன்றில்தான் துணி காய்ந்தது. எங்கள் வீட்டுக்காரரின் வேட்டியும் என் நூல் சேலையும், கிளிப் போட்டு. அவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அது யாரு ஊடுங்க?" என்றார்.

"என்றதுங்க" என்றேன். இத்தனை வயதில் என்னுடையது என்று அவ்வளவு பெருமையாக நான் எதையும் சொன்னதில்லை.

அவர்கள் மூன்றாவது மாடியில் ஒரு வீட்டை எடுத்தார்கள். பால் காய்ச்சுகிற அன்று, ஐயரெல்லாம் வந்து முடித்த பிறகு, மகேஸ்வரி டீச்சரின் கதவைத் தட்டி, "உங்க கையாலயும் ஒருக்காக் காய்ச்சிக் கொண்டு வந்து குடுங்க டீச்சர்" என்றார். அதற்கடுத்து வந்தவர்களும் கேட்டார்கள். அதுவே எங்கள் கட்டடத்து வழக்கமாகிவிட்டது. மார்க்கெட் அப்போதும் எழுந்திருக்கவில்லை. பக்கத்துக் கட்டடங்களில் தங்கக் காசு கொடுத்தும் ஆள் இல்லை. எங்கள் தெருப் புரோக்கர் மட்டும், "கட்டுனவங்களே ரெண்டாவது மாடியிலதானுங்க குடியிருக்கறாங்க" என்று சொல்லியே ஆட்களைக் கூட்டி வந்தார். கணபதி வீட்டில் 'வாடகைக்கு' அட்டை மாதக் கணக்கில் தொங்கி வெளுத்தது. தொங்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

கடைசி வீட்டுக்கு ஆள் வந்தது அடுத்த வருஷம். கரூர்ப் பக்கத்துச் சின்னஞ்சிறுசுகள், புதிதாகக் கல்யாணமானவர்கள். வாடகை வீட்டை உடனே காலி செய்தாக வேண்டிய நிலைமை. அந்தப் பெண் போனில் தயங்கித் தயங்கி, "அக்கா, ஆடியா இருக்குதே, வரலாமுங்களா?" என்று கேட்டாள். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு எதிர் வீட்டைப் பார்த்தேன். டீச்சர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கையில் அந்தச் சிவப்புப் பனியன், துவைத்துத் துவைத்து மானுக்குக் கொம்பே போய்விட்டிருந்தது.

"பாத்திரத்தக் கழுவி வெச்சுட்டேன்" என்றார். "வரச் சொல்லு."